பழைய ஆங்கிலச் சமையல் புத்தகத்தை வைத்துக் கிறிஸ்துமஸ் பலகாரம்: எதை எப்போது செய்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. இருப்பது தூத்துக்குடி. கையில் பாட்டி காலத்து ஆங்கிலேயச் சமையல் புத்தகம் ஒன்று, வீட்டில் 20 லிட்டர் ஓடிஜி (மேலும் கீழும் மின்கம்பி சூடாகும் சிறு) ஓவன். பழ கேக், ஷார்ட்பிரெட் என்ற வெண்ணெய் பிஸ்கட், இஞ்சி பிஸ்கட், மின்ஸ் பை (உலர் பழக் கலவையை மாவுக்குள் வைத்துச் சுடுவது) நான்கையும் புத்தகத்திலிருந்து செய்ய ஆசை. கல்கல், அச்சு முறுக்கு வழக்கம்போல உண்டு. போன வருஷம் 23, 24 இரண்டே நாளில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்ததில் கேக் நடுவில் வேகவில்லை, ஷார்ட்பிரெட் தட்டில் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. ‘எந்த வரிசையில் செய்வது’ என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: புத்தகத்தில் உள்ளபடி செய்தும் ஏன் வரவில்லை? அதை முதலில் தீர்த்துக்கொள்ளாவிட்டால் எந்த வரிசையும் உதவாது.

புத்தகத்தில் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. குளிர்ந்த ஊரில், பெரிய அடுப்பில், வேறு அளவு முட்டையை வைத்து எழுதியது அது. ஆகவே ஒரு நாள் மத்தியானம் பென்சிலோடு உட்கார்ந்து, செய்யப்போகும் குறிப்புகளின் ஓரத்தில் நம் கணக்கை எழுதிவிடுங்கள். ஒரு அவுன்ஸ் 28 கிராம், ஒரு பவுண்டு 454 கிராம். பிரிட்டிஷ் பைன்ட் 568 மி.லி.; அமெரிக்கப் பைன்ட் 473 மி.லி.தான். அமெரிக்கப் புத்தகமாக இருந்தால் ஒரு கப் 240 மி.லி.; அதில் மைதா சுமார் 125 கிராம், சர்க்கரை 200 கிராம், வெண்ணெய் 227 கிராம் பிடிக்கும். கேஸ் மார்க் என்பது பிரிட்டிஷ் கேஸ் அடுப்புக் குமிழின் எண்: 1 என்றால் 140 டிகிரி செல்சியஸ், 2 என்றால் 150, 4 என்றால் 180, 6 என்றால் 200. இவை மாறாத கணக்குகள், நம்பி எழுதலாம். சமையலறைத் தராசு இல்லையென்றால் இந்த வருஷம் முதலில் வாங்க வேண்டியது அதுதான். புது டின்னும் அச்சும் அடுத்த வருஷம் வரை காத்திருக்கும்.

செல்ஃப் ரெய்சிங் மாவு என்று வரும் இடத்தில் 150 கிராம் மைதாவுக்கு 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், தலை தட்டி அளந்து, மூன்று முறை சலியுங்கள். காஸ்டர் சுகர் என்பது பொடிச் சர்க்கரை அல்ல, நைசான குருணை. நம் கடைச் சர்க்கரையை மிக்சியில் நாலைந்து விநாடி ஓட்டி நிறுத்தினால் அந்தப் பதம் கிடைக்கும். மாவாகும் வரை அரைத்துவிட்டால் வெண்ணெயோடு அடிக்கும்போது காற்று பிடிக்காது. கேக் கனத்துப் போகும். மிக்ஸ்டு ஸ்பைஸுக்குப் பட்டை, ஜாதிக்காய், கிராம்பு, சுக்கு, ஜாதிபத்திரி, கொஞ்சம் தனியா. தனியாவா என்று யோசிக்காதீர்கள், அங்கேயும் அதைச் சேர்க்கிறார்கள். நம் கடைகளில் கிடைக்கும் தடித்த பட்டைக்குக் காரம் அதிகம் என்பதால் அதை மட்டும் சொன்ன அளவில் முக்கால் பங்கு போடுங்கள். முட்டையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரிட்டனில் பெரிய முட்டை என்றால் ஓட்டோடு 63 கிராமுக்கு மேல். நம் கடை முட்டை பெரும்பாலும் 50, 55 கிராம். நாலு முட்டை கேட்கும் குறிப்புக்கு நாலை மட்டும் உடைத்து ஊற்றினால் மாவு இறுகிவிடும். புதிய பதிப்பாக இருந்தால் உடைத்த முட்டையை எடை போட்டு, ஒரு முட்டைக்கு 55 கிராம் என்று கணக்கு வையுங்கள். மிகப் பழைய புத்தகத்தில் முட்டையின் அளவே போட்டிருக்காது. அப்போது 50 கிராமில் தொடங்கி, மாவு கரண்டியிலிருந்து தானாக விழாமல் ஒரு தட்டுத் தட்டினால் விழும் பதம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பழங்களின் பெயரும் குழப்பும். பிளம் கேக்கில் பிளம் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சைக்கும் அந்தப் பெயர் இருந்தது. சல்டானா என்றால் நம் கிஸ்மிஸ். கரன்ட்ஸ் என்றால் பொடியான விதையில்லாத கறுப்புத் திராட்சை. நம் ஊர்க் கறுப்பு உலர் திராட்சையில் விதை உள்ளதும் வரும். இரண்டு பழத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், ஏனென்றால் வெந்த விதை கேக்கில் கசக்கும். சிட்ரன் தோல் என்று இருந்தால் மிரள வேண்டாம், அது நம் நாரத்தங்காய் இனம். தோலை நறுக்கி மூன்று முறை தண்ணீர் மாற்றி வேகவைத்துக் கசப்பை இறக்குங்கள். பிறகு தோலின் எடைக்குச் சமமாகச் சர்க்கரையும் முங்கும் அளவு தண்ணீரும் சேர்த்து, தோல் கண்ணாடிபோல ஆகும் வரை சிறு தீயில் வைத்தால் போதும். சாத்துக்குடித் தோலும் இதற்கு நன்றாக வரும். டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காயும் சர்க்கரையும்தான், ஊறப் போடுவதில் பயனில்லை. வேண்டுமானால் கேக் செய்யும் நாளில் ஒரு பிடி போடுங்கள்.

ஊறவைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஆங்கிலேயப் புத்தகம் சுத்தம் செய்த பழத்தைக் கணக்கில் வைத்து எழுதியது. நம் கடைத் திராட்சையில் காம்பு, மண், சில சமயம் சிறு கல்லும் இருக்கும். காம்பு கிள்ளி, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு முறை அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி, ஒற்றி, மின்விசிறிக்கு அடியில் அரை நாள் உலர விடுங்கள். ஒரு பழத்தை எடுத்து விரல்களுக்கு இடையில் நசுக்கினால் ஈரம் கசியக்கூடாது, துணியிலும் ஈரத்தடம் இருக்கக்கூடாது. இந்த இடத்தில் அவசரப்பட்டால் பழத்தோடு வரும் தண்ணீர் ரம்மை நீர்க்கச் செய்து ஜாடியையே புளிக்க வைத்துவிடும். பிறகு எல்லாவற்றையும் கிஸ்மிஸ் அளவுக்கு நறுக்குங்கள். பெரிய துண்டு இருந்தால் வெட்டும்போது கேக் அந்த இடத்தில் பிளந்து உதிரும்.

எதில் ஊறவைப்பது என்பதைப் பொறுத்தே எத்தனை நாள் என்பதும். ரம், பிராந்தி போன்றவற்றில் சாராயச் சத்து 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பழம் முழுவதும் மூழ்கும்படி கண்ணாடி ஜாடியில் போட்டு, இறுக மூடி, வெயில் படாமல் வைத்தால் வாரக்கணக்கில் வெளியிலேயே கெடாது. வீட்டு ஒயினுக்கு அந்த வலு இல்லை. வெளியில் விட்டால் பழத்தின் சர்க்கரை மறுபடி நொதிக்கும், மூடி திறக்கையில் பொங்கும். ஆரஞ்சுச் சாறு, திராட்சைச் சாறு என்றால் ஒரே ஒரு இரவு, அதுவும் ஃபிரிட்ஜில். மாதக்கணக்கில் சாற்றில் ஊறவைத்த பழம் என்று யாராவது சொன்னால் பின்பற்றாதீர்கள். ரம்மில் ஒரு மாதம் ஊறியதற்கும் ஒரு வருஷம் ஊறியதற்கும் ருசியில் பெரிய வித்தியாசம் உண்டா என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து வேறுபடும். என்னைக் கேட்டால் பத்துப் பதினைந்து நாளே தாராளம். இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு நாள் உண்டு. திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறை ‘ஸ்டிர் அப் சண்டே’ என்பார்கள். அன்று புட்டிங் கிளறுவது அவர்கள் வழக்கம். நவம்பர் கடைசியில் வரும் அந்த ஞாயிறையே நீங்களும் ஊறப்போடும் நாளாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஓவனும் டின்னும். பழைய புத்தகங்கள் பெரும்பாலும் 8 அங்குல வட்ட டின்னைச் சொல்லும்: 8 அவுன்ஸ் வெண்ணெய், 8 அவுன்ஸ் சர்க்கரை, 4 முட்டை, 10 அவுன்ஸ் மாவு, 2 பவுண்டு பழம், கேஸ் மார்க் 2, மூன்றரை மணி நேரம் என்கிற மாதிரி. 20 லிட்டர் ஓவனில் 8 அங்குல டின் நுழையும், ஆனால் பக்கங்களில் காற்று சுற்ற இடம் இருக்காது, மேல் கம்பியும் கேக்கின் தலைக்கு நேரே நிற்கும். ஓரமும் மேலும் கருகி நடு வேகாமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. 6 அங்குல டின்னின் பரப்பு 8 அங்குலத்தில் பாதியைவிடச் சற்று அதிகம். ஆகவே எல்லாவற்றையும் பாதியாக்குங்கள்: வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை 115, முட்டை 2, மைதா 140, பழம் 450 கிராம். இரண்டு கேக் வேண்டுமென்றால் இரண்டு நாளில் தனித்தனியாகச் செய்யுங்கள். நேரம் மட்டும் பாதியாகக் குறையாது. 150 டிகிரியில் இரண்டு முதல் இரண்டரை மணி ஆகலாம்; ஒன்றே முக்கால் மணியில் முதல் குச்சியைக் குத்திப் பாருங்கள். நேரத்தைப் பொறுத்தவரை யார் சொன்னாலும் உத்தேசம்தான், நான் சொல்வதும் அப்படியே. ஓவனின் குமிழ் 150 காட்டும்போது உள்ளே 135-ம் இருக்கலாம், 175-ம் இருக்கலாம். சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஓவன் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து, 20 நிமிடம் சூடேற்றி, எது உண்மை என்று நவம்பரிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

டின்னின் உள்ளே பட்டர் பேப்பர் இரண்டு அடுக்கு, டின்னின் விளிம்புக்கு மேல் இரண்டு விரல் உயரம் நிற்கட்டும். வெளியே பழுப்புத் தாளோ செய்தித்தாளோ சுற்றச் சொல்லும் குறிப்பை மட்டும் விட்டுவிடுங்கள். பெரிய அடுப்புக்கு அது சரி. ஓடிஜியில் கம்பி பக்கத்திலேயே இருப்பதால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அதற்குப் பதில் டின்னைக் கீழ்த் தட்டில் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து மேலே அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள்.

ட்ரீக்கிள் என்ற கரிய பாகு நம் கடைகளில் எளிதில் கிடைக்காது. நம் பிளம் கேக்கின் கறுப்பு நிறம் கருக்கிய சர்க்கரையால் வருவது, இங்கேயும் அதையே பயன்படுத்தலாம். அடி கனத்த பாத்திரத்தில் 100 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில்லாமல் உருக்குங்கள். முதலில் தேன் நிறம், பிறகு செம்பு நிறம், அதன்பின் காப்பி டிகாக்‌ஷன் நிறம் வந்து லேசாகப் புகை எழும். அந்த நொடியில் தீயை அணைத்து, தள்ளி நின்று, 60 மி.லி. கொதிக்கிற தண்ணீரை ஓரமாக ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சீறித் தெறித்துக் கையை வேகவைத்துவிடும்; பிள்ளைகள் அடுப்படியில் இருக்கக்கூடாத நேரம் இது. இன்னும் பத்து விநாடி விட்டிருந்தால் கசப்பு தூக்கும், முன்னமே அணைத்தால் நிறம் வராது. ஒன்று நினைவிருக்கட்டும்: ட்ரீக்கிளில் சிறிது புளிப்புத்தன்மை உண்டு, அதை நம்பிச் சமையல் சோடா போடும் குறிப்புகள் உள்ளன. கருக்கிய சர்க்கரை அந்த வேலையைச் செய்யாது. சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போடுங்கள்.

வெண்ணெய் ‘அறை வெப்பத்தில்’ என்று புத்தகம் சொன்னால் அது 18, 20 டிகிரி அறை. தூத்துக்குடியில் டிசம்பரிலும் பகலில் 28, 30 இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 20 நிமிடம் போதும். விரல் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் மேலே எண்ணெய் மினுமினுப்பு வரக்கூடாது. மினுமினுத்துவிட்டால் திரும்ப உள்ளே வைத்துப் பத்து நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். உருகிய வெண்ணெயில் எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது. முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். திரிந்ததுபோல் தெரிந்தால் ஒரு கரண்டி மாவு போட்டால் சேர்ந்துகொள்ளும். பழத்தை வடிகட்டி, எடுத்து வைத்த மைதாவிலேயே இரண்டு கரண்டி தூவிப் புரட்டிச் சேருங்கள். பழம் அடியில் இறங்குவதற்கு முக்கியக் காரணம் மாவு நீர்த்திருப்பதே. மைதா தூவுவது துணை செய்யும், நீர்த்த மாவைக் காப்பாற்றாது. பாதியில் கரன்ட் போனால் ஓவன் கதவைத் திறக்காதீர்கள். பழம் நிறைந்த கேக் பத்து, பதினைந்து நிமிடத் தடையைத் தாங்கிவிடும். ஸ்பாஞ்ச் கேக் என்றால் அதே உறுதியைத் தர முடியாது.

ஷார்ட்பிரெட்டின் கணக்கு எளிது: சர்க்கரை 1, வெண்ணெய் 2, மாவு 3, எல்லாம் எடைப்படி. 100, 200, 300 கிராம் போட்டால் ஒரு பெரிய டப்பா வரும். அந்த 300-ல் 50 கிராம் அரிசி மாவாக இருந்தால் வாயில் கரகரவென்று உதிரும். ஸ்காட்லாந்திலும் அரிசி மாவு சேர்ப்பதுண்டு. கொழுக்கட்டைக்கு இடிக்கும் ஈர மாவு வேண்டாம், உலர்ந்த மாவு மட்டும். பரவியதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். வெண்ணெய் உருகும் நிலையில் இருந்திருக்கலாம். வீட்டில் கடைந்த வெண்ணெயாக இருந்தால் அதில் தண்ணீர் அதிகம். இல்லையேல் முதல் தட்டு வெந்த சூட்டிலேயே இரண்டாவதை வைத்திருப்பீர்கள். வெட்டிய வில்லைகளைத் தட்டோடு ஃபிரிட்ஜில் அரை மணி வைத்து, 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம், ஓரம் மட்டும் வைக்கோல் நிறம் தொட்டதும் எடுத்துவிடுங்கள். சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும், ஆறியபின் இறுகும். உப்பு வெண்ணெய் பயன்படுத்தினால் குறிப்பிலுள்ள உப்பைத் தவிருங்கள்.

இஞ்சி பிஸ்கட்டுக்குப் பச்சை இஞ்சி கூடாது, நைசாகச் சலித்த சுக்குத்தூள் வேண்டும். கோல்டன் சிரப் என்ற பொன்னிறச் சர்க்கரைப் பாகு இல்லாவிட்டால் தேன் போடலாம்; தேன் சீக்கிரம் சிவக்கும் என்பதால் வெப்பத்தைப் பத்து டிகிரி குறையுங்கள். மின்ஸ் பையை இந்த வருஷம் விட்டுவிடச் சொல்வேன். அந்த மேல்மாவு குளிர்ந்த கையும் குளிர்ந்த அறையும் கேட்கும். உள்ளே வைக்கும் பழக் கலவையில் சூயெட் என்ற மாட்டுக்கொழுப்புக்குப் பதில் உறைய வைத்த வெண்ணெயைத் துருவிப் போடலாம்தான், ஆனால் முதல் முறையே பண்டிகை வாரத்தில் வேண்டாம். அந்த இடத்தில் உங்கள் ஊர் மக்ரூனை வையுங்கள். கேக்கையோ பிஸ்கட்டையோ மஞ்சள் கருவால் செய்யும் குறிப்பு இருந்தால் மிஞ்சும் வெள்ளைக் கருவுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. இரண்டு வெள்ளைக் கருவுக்குச் சர்க்கரை 120 கிராம், ஒன்றிரண்டாகப் பொடித்த முந்திரி 120 கிராம், 110 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல், பிறகு ஓவனுக்குள்ளேயே ஆறவிட வேண்டும். மழை நாளில் செய்தால் பிசுபிசுக்கும். வெயில் அடிக்கும் நாளைப் பார்த்துச் செய்யுங்கள்.

இப்போது வரிசை. பலகாரத்தின் பெயரை வைத்துத் திட்டமிடாதீர்கள், எது எத்தனை நாள் தாங்கும் என்பதை வைத்து 24-ம் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ‘ஸ்டிர் அப் சண்டே’ அன்று பழம் ஊறட்டும். டிசம்பர் 6, 7 தேதிகளில் ரம் கேக். அது இரண்டு, மூன்று வாரம் இருந்தால் ருசி கூடும். வாரம் ஒரு முறை ஒரு மேசைக்கரண்டி ரம்மைத் பல்குத்தும் குச்சியால் குத்திய துளைகளில் விடலாம், அதற்கு மேல் ஊற்றினால் நடு சொதசொதக்கும். ஆறிய கேக்கை முதலில் பட்டர் பேப்பரில் சுற்றி அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றுங்கள். தாள் நேராகப் பழத்தில் பட்டால் புளிப்பு அரித்துப் பொட்டுப் பொட்டாகும். சாற்றில் ஊறிய கேக் என்றால் 20-ம் தேதிக்கு முன் தொடவே வேண்டாம். நான்கு நாள் வெளியில் இருக்கும், அதன் பிறகு ஃபிரிட்ஜ்தான்.

13-லிருந்து 16-க்குள் எண்ணெய் வேலை. கல்கல்லுக்குத் தீ அதிகமானால் வெளியே சிவந்து உள்ளே ஈரம் தங்கும், மறுநாளே நமுத்துப்போகும். மிதமான எண்ணெயில் சலசலப்பு அடங்கும் வரை விடுங்கள். அச்சு முறுக்கில் அச்சு எண்ணெயிலேயே நன்கு காய வேண்டும், மாவில் முக்கால் உயரம்தான் முக்க வேண்டும். மேல் விளிம்பை மாவு மூடினால் பூ கழன்று வராது. புது எண்ணெயில் பொரித்தால் இரண்டு வாரம் காறல் வராமல் இருக்கும், பழைய எண்ணெய்க்கு அந்த உத்தரவாதம் கிடையாது. 19-ல் இஞ்சி பிஸ்கட், 21-ல் ஷார்ட்பிரெட், இடையில் வெயில் பார்த்து மக்ரூன். கேக்கையும் மொறுமொறுப்பானவற்றையும் ஒரே டப்பாவில் வைத்தால் கேக்கின் ஈரம் பிஸ்கட்டுக்குப் போய்விடும். பொரித்ததையும் ஷார்ட்பிரெட்டையும் சேர்த்தால் வெண்ணெய் எண்ணெய் வாடையை இழுத்துக்கொள்ளும். ஆக குறைந்தது மூன்று டப்பா. பிஸ்கட் நமுத்திருந்தால் 140 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் வைத்து ஆறவிட்டால் திரும்ப மொறுமொறுப்பாகும்.

அக்கம்பக்கத்துக்குத் தட்டு அனுப்பும்போது ரம் கேக் எது, ரம் இல்லாதது எது, முட்டை சேர்ந்தது எது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். ஓவனில் வைத்தால் மது எல்லாம் பறந்துவிடும் என்பது சரியல்ல, ஒரு பங்கு தங்கும். வெந்தபின் ஊற்றியது அப்படியே இருக்கும். கேக்கை 23-ம் தேதி இரவு, ரொட்டி வெட்டும் பல் கத்தியால், அறுப்பதுபோல் அழுத்தாமல் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் கத்தியை ஈரத்துணியில் துடைத்துக்கொண்டால் பழம் இழுபடாது.